என் மருமகள் ஆற்றை அளக்கிறாள்

சாலமீனே எனக்கு மருமகள். அவளுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது, எனக்கு நாற்பத்திரண்டு. கணக்குத் தப்பவில்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், ஆமாம், பிபியானேயின் மருமகள்தான் சாலமீனே என்று சொல்வார்கள்.

ஒருவர் செத்துப்போனால், அடுத்துப் பிறக்கிற குழந்தைக்கு அந்தப் பெயரை வைப்பது எங்கள் வழக்கம். பெயர் தனியாக வராது, உறவையும் கையோடு பிடித்துக்கொண்டு வரும். சாலமீனேயின் கணவன் எனோக் ஆற்றோடு போன அதே வருஷம், முதல் பனி விழுந்த சமயத்தில் எனக்கு மகள் பிறந்தாள். எனோக் என்று பெயர் வைத்தேன். அது ஆண் பெயராயிற்றே என்று கேட்காதீர்கள். பெயருக்கு ஏது மீசை?

அவன் போனதிலிருந்து சாலமீனே வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்குப் பெயர் வைத்த செய்தி போனதும் வந்தாள். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, கையில் கம்பளிக் குல்லாயோடு உள்ளே வந்து, தொட்டிலுக்குள் நெடுநேரம் குனிந்து பார்த்தாள்.

“வந்துட்டீங்களா?” என்றாள்.

குழந்தை கொட்டாவி விட்டது.

“அதே கொட்டாவி. நான் வாயைத் திறந்தாலே இப்படித்தான் பண்ணுவாரு.”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு. குல்லாயாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “அத்தே, காப்பி இருக்கா?”

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், கைம்பெண், என்னை மாமியாராக்கிக் காப்பி கேட்கிறாள். எழுந்துபோய்ப் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலறையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி.

என் கணவர் பாதி வருஷம் மீன்பிடிக் கப்பலில் இருப்பவர். பிள்ளையைத் தூக்க, குளிப்பாட்ட, காய்ச்சல் வந்தால் முழித்திருக்க, எல்லாவற்றுக்கும் சாலமீனேதான் வந்து நின்றாள். நின்றதோடு சரியா, ஊரெல்லாம் பேச்சு வேறு. “எங்க வீட்டுக்காரருக்குப் பல்லு முளைக்குது” என்பாள் கடையில் நின்றுகொண்டு. பள்ளிக்கூட வாசலில் எல்லார் முன்னாலும், “என்னங்க, மூக்கைத் தொடைச்சுக்கோங்க” என்பாள். மகள் வளர்ந்து பெரியவளான பிறகு ஒருநாள் சாலமீனே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள்.

“அத்தே, உங்க பிள்ளை போக்கு சரியில்ல. நேத்து விமான நிலையத்துல ஒரு பையன் கையைக் கோத்துக்கிட்டு நிக்கிறாரு. கட்டின பொண்டாட்டி நான் குத்துக்கல்லாட்டம் முன்னால நிக்கிறேன், கண்டுக்கவே இல்ல.”

எனக்கும் மாமியார் வேஷம் பழகிவிட்டிருந்தது. “நீ ஒழுங்கா ஆக்கிப் போட்டிருந்தா எம்பிள்ளை ஏண்டி வெளிய பாக்கிறான்?” என்றேன். மகள் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள்.

விளையாட்டுதான். ஆனால் விளையாட்டு மட்டுமில்லை. நாங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும்.

எங்கள் ஆறு, நாட்டையே மூடிக் கிடக்கும் பெரும்பனியிலிருந்து வருகிறது. கூஸ்ஸுவாக் என்று பெயர், பெரிய ஆறு என்று அர்த்தம். பெயர் வைத்தவன் ரொம்ப யோசிக்கவில்லை. கோடையில் பனி உருக உருகச் சிமெண்டைக் கரைத்த நிறத்தில் ஓடும். பகல் வெயிலுக்கு உருகியது எங்களிடம் வந்து சேரச் சாயங்காலமாகும். அதனால் சாயங்காலம் திமிராக இருக்கும், விடியற்காலையில் பணிந்து கிடக்கும். கலைமான் வேட்டைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் கடந்து போவார்கள், விடியற்காலையிலேயே கடந்து வருவார்கள்.

சில வருஷங்களில் ஆறு இந்த முறையை மீறும். பெரும்பனியின் ஓரத்தில், பனியே அணையாக நின்று ஒரு ஏரியைத் தேக்கி வைத்திருக்கிறது. கோடை முடிகிற சமயத்தில் அந்தத் தண்ணீர் பனிக்கு அடியில் வழி குடைந்துகொண்டு வெளியேறிவிடும். ஏரி உடைந்துவிட்டது என்போம். எனோக் போனது அப்படி ஒரு நாளில்தான். இறைச்சி மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு கடந்து வந்தவன் நடு ஆற்றில் மாட்டிக்கொண்டான். மூட்டையை விடு, விடு என்று கரையிலிருந்து கூட்டாளி தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். எனோக் விடவில்லை. அவன் உடம்பு கடைசிவரை கிடைக்கவில்லை.

அதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கடைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஆற்று நீரை அளக்க ஆள் வேண்டும், தண்ணீருக்குப் பயப்படாதவராக இருக்க வேண்டும் என்று. சாலமீனே அப்போது விமான நிலைய விடுதியில் படுக்கை விரிப்புகள் வெளுக்கிற வேலையில் இருந்தாள். அந்தத் தாளைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு, டென்மார்க்கிலிருந்து வந்திருந்த தொர்பன் என்ற ஆராய்ச்சியாளர் முன்னால் போய் நின்றாள்.

“நான் பயப்படுவேன்” என்றாள்.

“அப்புறம் ஏம்மா வந்தீங்க?”

“பயமில்லாத ஆளை வெச்சா, அடுத்த வருஷம் வேற ஆளு தேடுவீங்க. எங்க வீட்டுக்காரர் பயமில்லாத ஆளு.”

தொர்பனுக்குக் காது சிவந்துவிட்டதாம். வேலையைக் கொடுத்துவிட்டார். நல்ல மனிதர். எங்கள் மொழியைத் தப்பும் தவறுமாகப் பேசுவார், ஆனால் கூச்சப்படாமல் பேசுவார்.

எனக்குத்தான் கோபம். “அந்த ஆத்து முகத்துலயே தினம் முழிக்கணுமாடி நீ?” என்று கேட்டேன்.

“அவரைக் கொண்டுபோனது எவ்வளவு தண்ணின்னு எனக்குத் தெரியணும் அத்தே. போலீஸ்காரரைக் கேட்டேன், நிறையன்னாரு. பாதிரியாரைக் கேட்டேன், கடவுளுக்குத்தான் தெரியும்னாரு. சரி, கடவுளோட எனக்கும் தெரிஞ்சிட்டுப் போகட்டுமே.” சொல்லிவிட்டு ரொட்டியில் வெண்ணெயைத் தடவினாள். “சம்பளமும் நல்லா இருக்கு. கோட்டு வேற சும்மா தர்றாங்க.”

பதினைந்து வருஷத்துக்கு மேலாக அந்த வேலையைச் செய்கிறாள். ஊர் முனையில் ஆறு இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்குகிற இடத்தில் பாலம். பாலத்தின் கைப்பிடியில் சிவப்பு வண்ணத்தில் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் நின்று, ராட்டினத்தைச் சுற்றி, மீன் வடிவத்தில் செய்த ஈயக்குண்டு ஒன்றைத் தண்ணீரில் இறக்குவாள். குண்டுக்கு மேலே ஒரு சின்ன விசிறி. தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு வேகமாக அது சுற்றும், சுற்றுகிற சத்தம் அவள் காதில் மாட்டியிருக்கும் கருவியில் டிக் டிக்கென்று கேட்கும். ஆழம், அகலம், வேகம் மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு தண்ணீர் என்று கிடைத்துவிடும். பெரும்பனி எவ்வளவு கரைகிறது என்று உலகத்துக்கே அதிலிருந்துதான் தெரிய வேண்டும் என்பார் தொர்பன். உலகத்தை நான் கண்டேனா! பாலத்தைக் கடக்கிறவர்கள் அவளைச் சீண்டிவிட்டுப் போவார்கள்.

“சாலமீனே, இன்னைக்கு என்ன மாட்டிச்சு?”

“தண்ணிதான். பொரிச்சுத் தரவா?”

ஓடைகளில் இறங்கியும் அளப்பாள். மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் அளவுகோலோடு, பனித் தண்ணீரில் அசையாமல் நிற்பாள். கரையேறியதும் கால் விரல்கள் செத்துப்போயிருக்கும். என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, என் சமையலைக் குறை சொல்வாள்.

அவளிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் எவ்வளவு உயரம் என்பதைப் பாலத்தடியில் பாறையில் பதித்த கருவி தானாகவே சொல்லிவிடும். அந்த உயரத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதை ஆள்தான் நின்று அளக்க வேண்டும். எல்லா உயரத்துக்கும் அளந்துவிட்டாள், ஏரி உடைகிற நாளின் உச்சத்தைத் தவிர. ஒருமுறை ஏரி உடைந்தபோது அவள் பல் பிடுங்கத் தலைநகரத்துக்குப் போயிருந்தாள். இன்னொருமுறை மூடுபனியில் தன் கையே தனக்குத் தெரியவில்லை. “ஏரி உடையிற அன்னைக்கு நீங்க பாலத்துல இருந்தாப் போதும் சாலமீனே, வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்று தொர்பன் வருஷா வருஷம் சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு அது ஆராய்ச்சி. அவளுக்கு அது எதற்கு என்று எனக்குத் தெரியும்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

ஆகஸ்ட் கடைசி. என் மகள் எனோக்கும் என் அக்கா மகன் கெர்த்தும் முந்தின நாள் விடியற்காலையில் கலைமான் வேட்டைக்குப் போயிருந்தார்கள். ஊருக்கு மேலே, ஆறு பல கிளையாகப் பிரிந்து விரிந்து ஓடும் மணல்வெளியில், நடுவே இருக்கும் ஒரு திட்டில் கூடாரம். சாயங்காலம், வேட்டைக்குப் போகிறவர்கள் கையோடு கொண்டுபோகும் பேசும் ரேடியோவில் கூவினாள். “அம்மா, நான் சுட்டுட்டேன்! என்னோட முதல் மான்!” வீட்டுக்குள் நான் துள்ளிக் குதித்தேன். முதல் வேட்டை என்றால் சும்மாவா? அந்த இறைச்சியை ஊர் முழுக்கப் பங்கு வைக்க வேண்டும், காப்பி விருந்து வைக்க வேண்டும். எத்தனை கேக் சுட வேண்டும் என்ற நினைப்பிலேயே படுத்தேன்.

காலையில் குடுவையில் காப்பியை ஊற்றிக்கொண்டு, என் பழைய பிக்கப் வண்டியில் பாலத்துக்குப் போனேன். மருமகளிடம் பீற்றிக்கொள்ளத்தான். ஆனால் சாலமீனே என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நீர்மட்டம் காட்டப் பாறையில் வரைந்திருந்த வெள்ளைக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தே, ராத்திரி உங்க வாசல் தொட்டியில பனி ஏடு கட்டிச்சா?”

“கட்டிச்சு. உடைச்சுத்தான் தண்ணி மொண்டேன்.”

“அப்ப அவ்வளவு குளிர் இருந்திருக்கு. ஆறு இறங்கியிருக்கணும்ல? நேத்துச் சாயங்காலத்தைவிட ஏறியிருக்கு, பாருங்க.”

பார்த்தேன். எனக்கு எப்போதும் போலத்தான் தெரிந்தது.

“ஏரி உடைஞ்சிருச்சு” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. “மெதுவாத்தான் ஆரம்பிக்கும். மத்தியானத்துக்குள்ள முழுசா வந்துடும். அத்தே, இந்தக் கயித்தைப் பிடிங்க.”

அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள். ராட்டினத்தைச் சுற்றினாள், ஈயக்குண்டு தண்ணீருக்குள் போனது, காதுக் கருவியை மாட்டிக்கொண்டாள். கைப்பிடியின் முதல் சிவப்புக் கோட்டில் அளந்தாள், இரண்டாவதில் அளந்தாள். அதற்குள்ளேயே பாறையில் ஒரு வெள்ளைக் கோடு முழுகிவிட்டது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் சந்தோஷம் தொற்றிக்கொண்டு, என் மகளின் முதல் மானைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கொம்பு எவ்வளவு பெரிது, கேக்குக்கு முட்டை போதாது, எல்லாம்.

சாலமீனே காதுக் கருவியைக் கழற்றினாள். “எங்க இருக்காங்க அவங்க?”

“மணல்திட்டுல. இன்னைக்குக் கடந்து வரணும்.”

“வந்துட்டாங்களா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாலத்தடியில் ஆறு ஒடுங்கி ஓடுவதால் ஏற்றம் கண்ணில் தெரிகிறது. மேலே அந்த மணல்வெளியில் தண்ணீர் பரந்து ஓடும். கொஞ்சம் ஏறினால் எவனுக்கும் தெரியாது. தெரிகிறபோது நேரம் இருக்காது.

சாலமீனே ரேடியோவை எடுத்தாள். “எனோக், எனோக், பாலத்துலேர்ந்து பேசுறேன். ஏரி உடைஞ்சிருச்சு. ஒடனே இந்தக் கரைக்கு வந்துடுங்க. கேக்குதா?”

கரகரவென்று சத்தம். பதில் இல்லை.

“என்னங்க, நான் சொல்றது கேக்குதா இல்லையா?”

மறுபடியும் கரகரப்பு. “பேட்டரி போயிருக்கும்” என்றேன். யாருக்குச் சொன்னேனோ.

சாலமீனே ஆற்றைப் பார்த்தாள். மூன்றாவது கோட்டில் கம்பி விறைத்து நின்றது, விசிறி உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷத்துக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவளைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, கூப்பிடாமலும் இருக்க முடியவில்லை. கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஈயக்குண்டைத் தூக்கக்கூட நிற்காமல், தண்ணீரில் தொங்கியது தொங்கியபடி, ரப்பர் கால்சட்டையையும் கோலையும் கயிற்றையும் வாரிக்கொண்டு ஓடிவந்து வண்டியில் ஏறினாள்.

“ஓட்டுங்க அத்தே.”

ஓட்டினேன். விமான நிலையப் பேருந்து ஓட்டுகிறவள் நான், ஒருநாளும் அப்படி ஓட்டியதில்லை. கரையோரக் கல் பாதையில் வண்டியின் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. சாலமீனே பக்கத்தில் உட்கார்ந்தபடியே ரப்பர் கால்சட்டையைப் போட்டுக்கொண்டாள்.

மணல்வெளிக்குப் போனால், இந்தக் கரையில் கெர்த் தன் மானின் இறைச்சி மூட்டை மேல் உட்கார்ந்து, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு புகை பிடித்துக்கொண்டிருக்கிறான்.

“வாங்க சித்தி! என்ன இவ்வளவு தூரம்?”

“எனோக் எங்கடா?”

“அந்தா வர்றா. நான் விடிகாலையிலேயே கடந்துட்டேன், அவளுக்கு மூட்டை கட்ட நேரமாயிருச்சு.”

திட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஓடிய கிளை, விடியற்காலையில் முழங்கால் அளவு இருந்ததாம். என் மகள் அதில் இடுப்பளவில் நின்றுகொண்டிருந்தாள். முதுகில் மானின் பின்னங்கால்கள் இரண்டும் முதுகுச் சதையும் சேர்த்துக் கட்டிய மூட்டை. அதன் பட்டை நெற்றியில். முன்னால் எடுத்துவைக்கக் கால் வரவில்லை, பின்னால் போகவும் முடியவில்லை. தண்ணீர் அவளைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாலமீனே கயிற்றின் ஒரு நுனியை வண்டியில் கட்டினாள், மறு நுனியை இடுப்பில் கட்டினாள், நடுவை எங்கள் இருவர் கையிலும் கொடுத்தாள். “இழுக்காதீங்க. நான் கையைத் தூக்கினா மட்டும் இழுங்க” என்றாள். கோலை ஊன்றி, தண்ணீருக்குப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, அவசரமே இல்லாதவள் போல ஒவ்வோர் அடியாக உள்ளே போனாள். எனக்கு அவள் முதுகைப் பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது.

மகளுக்குப் பத்தடி தூரத்தில் நின்றாள். அதற்கு மேல் ஆழம்.

“என்னங்க, மூட்டையைப் போட்டுட்டுக் கையைக் குடுங்க!”

என் மகள் மூக்கைச் சுருக்கினாள். எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம், மாட்டேன்.

இறைச்சியைப் போட்டுவிட்டு வருவது எங்களுக்கு அவ்வளவு கேவலம். சுட்ட மிருகத்தை வீணாக்கியவன் என்று பேர் வந்துவிட்டால், அவன் வாழ்நாள் முழுக்க அந்தப் பேர் போகாது. அதுவும் முதல் வேட்டை. நான் கரையிலிருந்து கத்தினேன், திட்டினேன், கெஞ்சினேன். எதுவும் அவள் காதில் விழவில்லை. அவள் நெற்றிப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது சாலமீனே கத்தினாள். ‘ங்க’ இல்லை, மரியாதை இல்லை. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் மகளை ஒருமையில் கூப்பிட்டாள்.

“எனோக்! போன தடவையும் நீ மூட்டையைத்தாண்டா விடல!”

ஆற்றுச் சத்தத்தையும் தாண்டி அது எனக்குக் கேட்டது. என் மகளுக்கும் கேட்டது. அவள் முகத்தை நான் பார்த்தேன். பத்தொன்பது வயதுப் பெண்ணின் முகம், ஒரு நிமிஷம் யாருடைய முகமாகவோ இருந்தது. கையைத் தூக்கிப் பட்டையை நெற்றியிலிருந்து தள்ளினாள். மூட்டை ஒரு தடவை உருண்டது, அப்புறம் காணோம். பாரம் போன வேகத்தில் அவளும் சாய்ந்தாள். சாலமீனே கோலை நீட்டினாள், அவள் பிடித்தாள், சாலமீனே ஒரு கையைத் தூக்கினாள். நானும் கெர்த்தும் இழுத்தோம். கை தோல் உரிந்துபோனது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

கரையில் அவளை அடித்தேன். அடித்துவிட்டுக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டு மறுபடியும் அடித்தேன். கொஞ்ச நேரத்துக்குள் பனிக்கட்டிகள் வர ஆரம்பித்தன, ஒவ்வொன்றும் வண்டி அளவு. கிளைகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. கூடாரம் நின்ற திட்டு எது என்று தேடினோம். எங்கும் ஒரே தண்ணீர்.

“ரேடியோவுல ரெண்டு தடவை கூப்பிட்டோமே! ஏண்டி பதில் சொல்லல?” என்றேன்.

“சொன்னேனேம்மா.” பற்கள் கிட்டித்துப்போய் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்ன?”

இரண்டு புருவத்தையும் தூக்கிக் காட்டினாள்.

எங்கள் ஊரில் ‘சரி’ என்பதற்கு வாய் வேண்டாம், புருவத்தைத் தூக்கினால் போதும். பேச்சு வருவதற்கு முன்பே எங்கள் குழந்தைகளுக்கு அது வந்துவிடும். இந்தப் புத்திசாலி, ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு, ஆளில்லாத மணல்திட்டில் நின்று ரேடியோவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கியிருக்கிறாள்.

“ரெண்டாவது தடவை நல்லாவே தூக்கினேன்” என்றாள்.

“ஆமா சித்தி, தூக்கியிருப்பா” என்றான் கெர்த், அப்போது இந்தக் கரையில் இருந்த சாட்சி.

முதலில் சிரித்தது சாலமீனே. ஈரக் கால்சட்டையோடு மணலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன்.

இன்றைக்கும் அதை நினைத்துப் பார்க்கிறேன். அவள் வாயைத் திறந்து ‘சரி, வர்றேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாங்கள் நிம்மதியாகப் பாலத்திலேயே நின்றிருப்போம். சாலமீனே மூன்றாவது கோட்டை அளந்திருப்பாள், நான் இரண்டாவது கோப்பை காப்பி ஊற்றியிருப்பேன். பதில் வராததால்தான் போனோம். அந்த அசட்டுப் புருவத்துக்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன். பாதிரியார் இதைக் கேட்டு முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கடவுளுக்குச் சொல்கிற அதே மூச்சில் சொல்கிறேன்.

திரும்பி வந்தபோது பாலம் மட்டும் நின்றிருந்தது. ஈயக்குண்டும் கம்பியும் ராட்டினமும் போய்விட்டிருந்தன. உச்சமும் வந்து போய்விட்டிருந்தது.

தொர்பன் அடுத்த விமானத்தில் வந்தார். திட்டுவார் என்று நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் சாலமீனேயின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு இருவருமாக ஆற்றங்கரைக்குப் போனார்கள். பாறைகளில் வண்டல் படிந்த கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஆறு அங்கே எவ்வளவு சரிகிறது என்றெல்லாம் அளந்து, அதிலிருந்து உச்சத்தில் போன தண்ணீரை அவரால் கணக்கிட முடியுமாம். “ஏறக்குறையத்தான் வரும் சாலமீனே. துல்லியமா இருக்காது” என்றார் வருத்தத்தோடு.

“ஏறக்குறைய போதும்” என்றாள் அவள். புது ஈயக்குண்டு எப்போது வரும் என்றுதான் கேட்டாள்.

காப்பி விருந்தை நிறுத்திவிடலாம் என்றாள் என் மகள். முதல் வேட்டை விருந்து, வேட்டையைக் காணோம். கெர்த் தன் இறைச்சியைத் தருகிறேன் என்றான், அது உன்னுது, அதை எப்படி என்னுதுன்னு பங்கு வைப்பேன் என்று மறுத்துவிட்டாள். நான் விடுவேனா? கேக் சுட்டேன், உலர்ந்த மீன் வைத்தேன், காப்பியைக் கொதிக்க வைத்தேன். மேசை நடுவே, இறைச்சிக்கென்று எடுத்துவைத்த பெரிய தட்டை வெறுமனே வைத்தேன். ஊர் வந்தது. வந்தவர்கள் மேசையைப் பார்த்தார்கள், தட்டைப் பார்த்தார்கள், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. காப்பி குடித்தார்கள், கேக்கைத் தின்றார்கள், தோண்டித் தோண்டிப் புருவக் கதையைக் கேட்டுச் சிரித்தார்கள். போகும்போது ஒவ்வொருவரும் என் மகளின் கையைக் குலுக்கி, “இறைச்சிக்கு நன்றி எனோக்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் சொல்லிவைத்துச் செய்ததில்லை. தொர்பன்கூட, “மென்மையா இருந்துச்சு, நன்றி” என்றார். எனக்கு அவர்களை ஒவ்வொருவராகக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

எல்லாரும் போனபிறகு சாலமீனே மட்டும் தன் நாற்காலியில் இருந்தாள். என் மகள் அந்த வெறும் தட்டை எடுத்துக்கொண்டுபோய் அவள் முன்னால் நின்றாள்.

“முதல் பங்கு உனக்குத்தான்னு அங்கேயே முடிவு பண்ணி வெச்சிருந்தேன். நல்ல பாகமாப் பாத்துத்தான் மூட்டை கட்டினேன். அதான் நேரமாயிருச்சு. இப்ப ஒண்ணும் இல்ல” என்றாள்.

சாலமீனே தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் வாயிலிருந்து அதுவரை நான் கேட்டிராத ஒன்றைச் சொன்னாள்.

“போன தடவை நீங்க வரலங்க. மூட்டை வந்துச்சு. கடலோரத்துல ஒதுங்கிக் கெடந்துச்சாம், கட்டுக்கூட அவுறல. நல்ல இறைச்சி, வீணாக்கக் கூடாதுன்னு எங்கிட்டயே கொண்டாந்து குடுத்தாங்க. நான் தனியா உக்காந்து தின்னேன். பூராவும் தின்னேன்.” என் மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். “இன்னைக்குத்தாங்க எனக்கு வயிறு நெறஞ்சிருக்கு.”